அரமும் அடுப்பும் எண்ணெயும் போதும்: முதல் கத்தியைக் கையால் செய்யும் வழி

கத்தி செய்யலாம் என்று ஆசை வந்ததும் பெரும்பாலோர் மனசில் வருவது சம்மட்டியும் அடைகல்லும் தீப்பொறியும்தான். முதல் கத்திக்கு அவை எதுவும் வேண்டாம். தட்டையான எஃகுப் பட்டை ஒன்றை அறுத்து, அரத்தால் அராவி வடிவம் கொண்டுவந்து, காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நல்ல கத்தி கிடைத்துவிடும். அடித்துச் செய்வது தனி வித்தை. அதற்குக் கை பழக மாதக்கணக்கில் ஆகும். அராவிச் செய்த கத்தி அடித்துச் செய்ததற்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. எந்த எஃகு, எவ்வளவு சூடு ஏறியது, எவ்வளவு வேகமாக ஆறியது, இந்த மூன்றும்தான் வெட்டும் விளிம்புக்குக் கணக்கு.

வடிவம் கொண்டுவர, மெருகேற்ற, பிடி போட என்று பத்துப் பதினைந்து மணி நேரம் போகும். ஆனால் கையில் இருப்பது கத்தியா வெறும் தகடா என்பது அடுப்படியில் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். அந்த நிமிடங்களுக்கான தயாரிப்பாகத்தான் மற்ற எல்லா வேலையையும் நான் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்கு நிறைய இடம் கொடுத்திருப்பதும் அதனால்தான்.

எஃகு: தெரிந்ததை வாங்குங்கள்

என் முதல் கத்தியைப் பழைய வண்டியின் பட்டை வில்லில்தான் செய்தேன். சும்மா கிடைத்தது, எஃகும் நல்ல எஃகு என்றார்கள். பதினோரு மணி நேரம் அராவினேன். எண்ணெயில் இறக்கிய மூன்றாவது விநாடி ‘டிக்’ என்று ஒரு சத்தம். எடுத்துத் துடைத்துப் பார்த்தால், விளிம்பிலிருந்து பாதி உயரம் வரை மயிரிழை போல ஒரு விரிசல். ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்த வில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. தோய்த்ததும் அது வாய் திறந்துகொண்டது. பழைய அரம், பழைய ரம்ப பிளேடு எல்லாமே இதே மாதிரிதான். அவற்றிலிருந்து அருமையான கத்திகள் வரும், ஆனால் உள்ளே என்ன கலவை என்று உங்களுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் கத்தி சரியாக வரவில்லை என்றால் தவறு உங்கள் கையிலா எஃகிலா என்று தெரிய வேண்டும். அதற்காகவாவது பெயர் தெரிந்த எஃகை வாங்குங்கள்.

நான் சொல்வது 1084. கிடைக்காவிட்டால் 1080 அல்லது 1075. இந்த எண்ணைப் படிப்பது சுலபம்: முதல் இரண்டு இலக்கம் 10 என்றால் சாதாரணக் கார்பன் எஃகு. கடைசி இரண்டு இலக்கம் நூற்றில் ஒரு சதவீதக் கணக்கில் கார்பனின் அளவு. அதாவது 1084-இல் சுமார் 0.84 சதவீதம் கார்பன். வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற சாதாரண இரும்பில் 0.2 சதவீதம் அளவுதான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்தி அளவுக்குக் கடினமாகாது. 1095-இல் கார்பன் கூடுதல் என்று பலர் அதற்குப் போவார்கள். அது இன்னும் வேகமாக ஆற வேண்டும், சூட்டிலும் துல்லியம் கேட்கும். துருப்பிடிக்காத எஃகுக்கு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய, கட்டுப்பாடான சூளை வேண்டும். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம் உள்ள, அனீல் செய்த பட்டை வாங்குங்கள். அனீல் செய்தது என்றால் அரத்துக்கு இணங்கும்படி மென்மையாக்கியது என்று பொருள். ஒரு கத்திக்கு 20 செ.மீ. போதும். இன்னும் 10 செ.மீ. கூடவே வாங்குங்கள், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வரைவதும் அறுப்பதும்

தாளில் வரையுங்கள். அலகு 80 மி.மீ., பிடி 110 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே பட்டையாக, முழு அகலத்துக்கு இருக்கட்டும். செய்வதும் எளிது, உடையவும் உடையாது. வரைந்ததைத் தடித்த அட்டையில் வெட்டிக் கையில் பிடித்து, காய் நறுக்குவது மாதிரி, குச்சி சீவுவது மாதிரி அசைத்துப் பாருங்கள். தாளில் அழகாகத் தெரிந்த வளைவு சுண்டுவிரலை இடிக்கும், அட்டையிலேயே திருத்திவிடுங்கள். ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: உள்பக்கமாக வரும் எந்த மூலையும் கூர்மையாக இருக்கக் கூடாது. எண்ணெயில் தோய்க்கும்போது எஃகுக்குள் எழுகிற இழுவிசை எல்லாம் அப்படிப்பட்ட மூலையில் போய்க் குவியும். வட்ட அரத்தால் ஒரு சின்ன வளைவு கொடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

பட்டையில் மார்க்கர் பூசி, அட்டையை வைத்துக் கூரான ஆணியால் கோடு கீறுங்கள். பேனாக் கோடு அழியும், கீறல் அழியாது. அறுக்க இரும்பு அறுக்கும் ஹேக்ஸா போதும். 3 மி.மீ. தடிமனுக்கு அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு. பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். வளைவான இடங்களில் ஓட்டை வரிசை போட்டு இடையில் அறுத்தால் சுலபம். கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளட்டும்.

அரம் பற்றி ஒரு வார்த்தை. புது அரம் வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். ஒரு பெரிய முரட்டு அரம், ஒரு மெல்லிய பல் அரம், ஓர் அரைவட்ட அரம் இருந்தால் போதும். பட்டையை வைஸில் இறுக்கி, முன்னே தள்ளும்போது அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பல் மழுங்கும். பல்லில் சாக்பீஸ் தேய்த்தால் இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளாது. அராவிய இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. விரலில் உள்ள எண்ணெய்ப்பசை பட்டால் அரம் கடிக்காமல் வழுக்கும், அதனால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

வடிவம் வந்ததும் வாலில் ஓட்டை போடுங்கள். தோய்த்த பிறகு டிரில் இறங்காது. பிடியின் பலகைகளை வாலோடு பிணைக்கும் கம்பிகள் இந்த ஓட்டை வழியாகத்தான் போகும். 5 மி.மீ. பித்தளைக் கம்பி என்றால் ஓட்டை மயிரிழை பெரிதாக இருக்கட்டும். டிரில் போடும்போது பட்டையைக் கையில் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டிரில் மாட்டிக்கொண்டால் பட்டை காற்றாடி போலச் சுழலும், விரல் போய்விடும்.

சரிவு எடுப்பது

முதுகிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு பக்கமும் எஃகைக் குறைத்துக்கொண்டு வருவதுதான் சரிவு. முதலில் விளிம்பின் நடுக்கோடு தெரிய வேண்டும். பட்டையின் தடிமனுக்குச் சமமான டிரில் பிட் ஒன்றை எடுத்து, இரண்டையும் சமதளத்தில் படுக்க வைத்து, பிட்டின் முனையால் விளிம்பு நெடுகக் கீறுங்கள். பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி கீறுங்கள். மிக நெருக்கமாக இரண்டு கோடு விழும், நடு அவற்றுக்கு இடையில்.

பிறகு அரத்தைச் சாய்த்து, 45 டிகிரியில் விளிம்பின் இரு ஓரத்தையும் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் வரும் வரை எடுங்கள். அடுத்து அரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்து, சரிவை முதுகை நோக்கி ஏற்றிக்கொண்டு போங்கள். சரிவு முழுக்க மார்க்கர் பூசிக்கொண்டால் அரம் எங்கே கடிக்கிறது, எங்கே கடிக்கவில்லை என்று ஒவ்வோர் இழுப்பிலும் தெரியும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டாம். இருபது இழுப்பு இங்கே, இருபது இழுப்பு அங்கே. இல்லாவிட்டால் விளிம்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

விளிம்பைக் கூராக்கும் ஆசை இப்போதே வரும். அடக்கிக்கொள்ளுங்கள். 0.7 மி.மீ. தடிமன் விட்டே ஆக வேண்டும். அதைவிட மெல்லிய விளிம்பு எண்ணெய்க்குள் நெளிந்துவிடும், இல்லையென்றால் வெடிக்கும். கடைசியாக 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, குறுக்காக ஓடும் ஆழமான அரக் கீறல்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். அவையும் விரிசலுக்கு வழி திறந்துவிடுபவைதான்.

அடுப்பும் எண்ணெயும்

80 மி.மீ. அலகுக்குப் பெரிய உலை தேவையில்லை. எடை குறைந்த, கத்தியால் சுரண்டினால் குழியும் வெப்பக்காப்புச் செங்கல் இரண்டை எடுத்து, நடுவில் 5 செ.மீ. அகலத்துக்குக் குடைந்து சேர்த்துக் கட்டி, பக்கவாட்டு ஓட்டை வழியாகப் புரொப்பேன் டார்ச் சுடரை விட்டால் அதுவே உலை. ஊதியோ சிறு காற்றாடியோ வைத்த கரியடுப்பும் நல்லதுதான். எதுவானாலும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எண்ணெய்க்கு வேறெதுவும் தேட வேண்டாம். சமையலுக்கான தாவர எண்ணெய், கனோலா என்றால் இன்னும் நல்லது, நான்கு லிட்டர். ஆழமான, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கூடாது. பழைய எஞ்சின் ஆயிலும் கூடாது, அதன் புகை நஞ்சு. தண்ணீரில் தோய்த்தால் இந்த எஃகு வெடிக்க வாய்ப்பு அதிகம். எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் நீர்த்துப்போய் எஃகைச் சுற்றி வேகமாக ஓடும், அதனால் குளிர்ந்த எண்ணெயைவிட விரைவாக ஆற்றும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி உடை போட்டுக்கொள்ளுங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

சரி, அந்தக் கூடுதல் 10 செ.மீ. பட்டை. அதிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை முதலில் காய்ச்சித் தோயுங்கள். துணி சுற்றி வைஸில் பிடித்து, கண்ணாடி அணிந்து, சுத்தியலால் ஒரு தட்டு. கண்ணாடி போலப் பட்டென்று முறிய வேண்டும். முறிந்த முகத்தைப் பாருங்கள். நுணுக்கமான, பட்டுப் போன்ற சாம்பல் நிறம் என்றால் சூடு சரி. சர்க்கரைப் பரல் மாதிரி மினுமினுத்தால் சூடு அதிகம், எஃகின் மணிகள், அதாவது உள்ளே இருக்கும் நுண்படிகங்கள், வளர்ந்துவிட்டன, அந்தக் கத்தி லேசில் உடையும். முறியாமல் வளைந்தால் சூடு போதவில்லை. மூன்று நான்கு துண்டுகளை இப்படி உடைத்தவர் கண்ணுக்குச் சரியான நிறம் பழகிவிடும். நிறத்தை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது, வெளிச்சத்துக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எப்போதும் அரையிருட்டில் செய்யச் சொல்கிறேன்.

இப்போது கத்தி. குறட்டால் வாலைப் பிடித்து அலகை உள்ளே விட்டு, முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். முனை மெல்லியது, முதலில் சூடேறிவிடும், அதைச் சுடருக்கு வெளியே தள்ளித் தள்ளி வையுங்கள். அடர்சிவப்பு வந்ததும் கம்பியில் கட்டிய காந்தத்தை அலகில் தொட்டுப் பாருங்கள். ஒட்டும். இன்னும் சூடாக்கித் தொடுங்கள். ஒரு கட்டத்தில் ஒட்டாது. இரும்பு தன் காந்தத்தன்மையை இழக்கும் அந்தப் புள்ளி 770 டிகிரி செல்சியஸ். இந்தப் பண்பை ஆராய்ந்த பியர் கியூரியின் பெயரால் அதைக் கியூரி வெப்பநிலை என்கிறார்கள். 1084-ஐத் தோய்க்க வேண்டிய சூடு 815 டிகிரி அளவு, அதாவது காந்தம் விட்ட இடத்திலிருந்து நிறம் ஒரு சாயல் மட்டும் தெளிய வேண்டும்.

உற்றுப் பாருங்கள், அந்த நேரத்தில் அலகுக்குள் ஒன்று நடக்கும். ஒளிரும் சிவப்புக்கு நடுவே மங்கலான ஒரு நிழல் தெரியும், மேகம் போல மெல்ல நகரும். எஃகின் உள்கட்டமைப்பு மாறும்போது வெப்பத்தை விழுங்கிக்கொள்வதால் அந்த இடம் சற்றே இருண்டு தெரிகிறது. நிழல் முதுகுப் பக்கம் ஒதுங்கி, சுருங்கி, மறைந்து, அலகு முழுக்க ஒரே நிறமாக நிற்கும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அந்த நிழலைப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். எனக்கு அது காந்தத்தைவிட நம்பகமான அடையாளம்.

நேராகத் தோய்த்துவிடாமல், முதல் மூன்று முறை இந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்றில் கருக்கும் வரை ஆறவிடுங்கள். மணிகள் சீராகும், உள்ளே தேங்கிய இழுவிசையும் தணியும். நான்காவது முறை எண்ணெய்க்கு.

அடுப்பிலிருந்து எண்ணெய்க்கு ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளிர்ந்த கத்தியோடு நாலு முறை ஒத்திகை பாருங்கள். முனை கீழாக, செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்தி ஆறி அலகு வளைந்துவிடும். பத்து விநாடி எண்ணி எடுத்து, வளைவு இருக்கிறதா என்று முதுகு நெடுகக் கண்ணை ஓட்டுங்கள். இருந்தால், தடித்த கையுறையோடு மெதுவாக நிமிர்த்தச் சில விநாடி அவகாசம் உண்டு. முழுக்க ஆறிவிட்டால் நிமிர்த்தப் பார்க்கவே கூடாது, உடையும்.

ஆறியதும் பழைய அரம் ஒன்றை விளிம்பில் ஓட்டுங்கள். கடிக்காமல், கண்ணாடியில் ஓட்டியது போலக் கிணீரென்று வழுக்கினால் எஃகு கடினமாகிவிட்டது. கடித்தால் மறுபடி காய்ச்சித் தோய்க்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. மேலே உள்ள கருஞ்செதில் மென்மையாக இருக்கும், அதைத் தாண்டிச் சோதியுங்கள்.

பதப்படுத்துவது

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே இரண்டாகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் உடனே பதப்படுத்துங்கள், அதாவது மிதமான சூட்டில் வைத்து அந்த நொறுங்கும் தன்மையைத் தணியுங்கள். செதிலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். வெளியே எடுத்து ஆறவைத்து, இன்னொரு இரண்டு மணி நேரம். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், தனி வெப்பமானி வையுங்கள். மணல் நிரப்பிய தட்டில் கத்தியைப் புதைத்து வைத்தால் சூடு ஏறி இறங்குவது தணியும். எடுக்கும்போது அலகு வெளிர் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை வரும்.

கத்திக்கு அடுத்து உளி செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. 10 மி.மீ. எஃகுக் கம்பியின் நுனி 3 செ.மீ. மட்டும் காய்ச்சித் தோய்த்து, பளபளப்பாக்கி, பின்பகுதியை டார்ச்சால் மெல்லச் சூடாக்குங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக, வெட்டும் விளிம்பான கருக்கை நோக்கி ஊர்ந்து வரும். மர உளிக்கு மஞ்சள் கருக்கைத் தொட்டதும், இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா தொட்டதும் தண்ணீரில் நனைத்து நிறுத்துங்கள். சுத்தியல் அடி வாங்கும் தலையைக் கடினமாக்கவே கூடாது, சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

மெருகும் பிடியும்

மெருகு பொறுமை வேலை, சொல்ல அதிகம் இல்லை. 220, 400, 600 என்று வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்து, முந்தைய எண்ணின் கீறல் ஒன்றுகூட இல்லை என்றான பிறகே அடுத்ததற்குப் போங்கள். சாணை இயந்திரம் பயன்படுத்தினால் வெறும் விரலால் அலகைத் தொட்டுக்கொண்டே இருந்து, சூடு தெரிந்ததும் தண்ணீரில் நனையுங்கள். விளிம்பில் நீலம் ஏறினால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது.

பிடிக்கு நன்றாக உலர்ந்த கடின மரம், 9 மி.மீ. தடிமனில் இரண்டு பலகை. வாலை மேலே வைத்து, அதன் ஓட்டை வழியாகவே பலகையில் டிரில் போடுங்கள். அலகுப் பக்கம் பார்க்கும் முன்முனையை ஒட்டுவதற்கு முன்பே முழுசாக மெருகிட்டுவிடுங்கள், பிறகு அலகைக் கீறாமல் அங்கே கை வைக்க முடியாது. எஃகையும் மரத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி பூசி, பித்தளைக் கம்பிகளைச் செருகி, கிளாம்ப் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். முன்முனையில் வழிந்ததை அப்போதே துடையுங்கள். ஒரு நாள் விடுங்கள்.

அப்புறம் அரத்தாலும் உப்புத்தாளாலும் பிடியைச் செதுக்குங்கள். குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருந்தால் இருட்டில் எடுத்தாலும் விளிம்பு எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். உருண்டையான பிடி கைக்குள் சுழலும். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போடுங்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

தீட்டுவதும் சோதிப்பதும்

400 எண் கல்லில் தொடங்கி 1000 எண் கல்லில் முடியுங்கள். பக்கத்துக்கு 18 டிகிரி அளவில் அலகைச் சாய்த்து, விளிம்பு நெடுக மறுபக்கம் பிசிர் எழும் வரை தேயுங்கள். விரலை விளிம்பிலிருந்து வெளியே நோக்கி இழுத்தால் பிசிர் தட்டுப்படும். திருப்பி மறுபக்கம். பிசிர் மெலிந்து மறைந்ததும் தோல்வாரில் நாலைந்து முறை இழுங்கள். தாள் சத்தமில்லாமல் வெட்டுப்பட வேண்டும்.

தாள் வெட்டுவது தீட்டியதற்குத்தான் சோதனை. பதத்துக்குச் சோதனை வேறு: காய்ந்த மரக்கட்டையை ஐந்து நிமிடம் சீவிவிட்டு, விளிம்பை விளக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல விளிம்பில் ஒளி பட்டுத் திரும்பாது. ஓரம் மடிந்து வெள்ளிக்கோடாக மினுங்கினால் எஃகு மென்மை, தோய்த்தது சரியில்லை அல்லது ஓவன் சூடு கூடிவிட்டது. பொடிப்பொடியாகப் பல் விழுந்திருந்தால் கடினம் அதிகம். மரப்பிடி போட்ட பிறகு ஓவனில் வைக்க முடியாது என்பதால், பிடி போடும் முன்பே தற்காலிகமாகத் தீட்டி, வாலில் துணி சுற்றி இந்தச் சோதனையைச் செய்வது நான் பழகிக்கொண்ட வழி. பல் விழுந்தால் 15 டிகிரி கூட்டி இன்னொரு முறை பதப்படுத்தினால் சரியாகிவிடும்.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். பயன்படுத்தியதும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அலகில் நீலச்சாம்பல் படலம் ஒன்று படரும். அது செந்துருவைத் தள்ளி வைக்கும், தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.